பழைய வானொலிக்குப் புதிய கொண்டென்சர்

சில வாரங்களுக்கு முன்னர் லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். தாயாரின் மறைவுக்குப் பின்னர் ஊர் வீட்டை ஒப்படைக்க வந்தவர், மாடத்தின் மீது தூசி படிந்து கிடந்த தகப்பனாரின் வால்வு வானொலியை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார். முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழைத்தார்.

"அண்ணை, உள்ளுக்கை இருக்கிற கொண்டென்சர் எல்லாம் மெழுகு உருகி வழிஞ்சு கிடக்கு. அதே கொம்பனி, அதே காலத்துச் சாமான் கொழும்பிலை எங்கையாவது எடுக்கலாமே?"

"எடுக்கலாம். ஆனால் எடுக்காதையும்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அப்பாவின் பெட்டியை அப்பா வைத்திருந்தபடியே வைத்திருக்க விரும்பும் ஒருவருக்கு அந்தப் பதில் கடுமையாகத்தான் இருந்திருக்கும். தொலைபேசியில் அவருக்கு முழுவதையும் சொல்ல முடியவில்லை. அவரைப் போன்ற வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதற்குக் கொள்ளளவி என்று பெயர். தமிழகத்தில் மின்தேக்கி என்பார்கள். வானொலி திருத்துகிறவர்களிடமும் புறக்கோட்டைக் கடைகளிலும் இரண்டு சொல்லும் செல்லாது. அங்கே அது கொண்டென்சர். கடைக்குப் போகிறவருக்குப் பயன்பட வேண்டும் என்பதால் நானும் கடைக்காரரின் சொல்லையே கையாளுகிறேன். நான் பொறியியல் படித்தவனல்லன். கலைப்பட்டதாரி. செய்தி எழுதிப் பிழைத்தவன். நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு குற்ற உணர்வின் காரணமாக, சோல்டர் அயனைக் கையில் எடுத்தவன். அந்தக் குற்ற உணர்வின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒல்லாந்து நாட்டுப் பெட்டி. தேக்கு நிறப் பலகை, தந்தப் பல் போன்ற பொத்தான்கள், நிலையம் சரியாகப் பிடிபட்டதும் ஒடுங்கிப் பிரகாசிக்கும் ஒரு பச்சைக்கண். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் திருச்சி நிலையமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருப்பதாகச் சிறு வயதில் நம்பியிருந்தேன். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அதற்கு ஒரு வால்வு போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அப்பா வீட்டில் வேறு எவரையும் அதைத் தொட விடமாட்டார். 1977இற்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, ஜப்பானியக் கசற் றேடியோக்கள் ஊரெங்கும் வந்து குவிந்தபோதும் அவர் அதைக் கைவிடவில்லை.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரவும் தடை. அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆறு வோல்ற். ட்ரான்சிஸ்டருக்கு அது போதும். இருநூறு, இருநூற்றைம்பது வோல்ற் கேட்கும் வால்வுப் பெட்டிக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே வீடுகளில் இருந்த வால்வுப் பெட்டிகளெல்லாம் ஒரே நாளில் நித்திரைக்குப் போயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எங்கள் பெட்டியும் வீட்டோடு தனியே நின்றது. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது கூரை ஓடுகள் இல்லை, பெட்டி இருந்தது.

2002 ஏப்ரலில் ஏ 9 வீதி திறக்கப்பட்ட பிறகு அப்பா கொழும்புக்கு வந்தார். வரும்போது பெட்டியைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அன்று மாலையே, நான் அதைச் சுவரில் செருகினேன். பன்னிரண்டு ஆண்டுகள் மின்சாரம் காணாத பெட்டி என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பச்சைக்கண் மெல்ல ஒளிர்ந்தது. கனத்த ஓர் உறுமல் எழுந்தது. அந்த உறுமலுக்கு அடியில் ஏதோ ஒரு நிலையத்தில் யாரோ பேசுவது கேட்டது. அப்பா நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார். மூன்று நான்கு நிமிடம் இருக்கும். பிறகு கருகல் மணம். நான் செருகியைப் பிடுங்குவதற்குள் ட்ரான்ஸ்போமரிலிருந்து தார் உருகிச் சொட்டிவிட்டது.

"சரி விடு, அதுக்கும் வயது போச்சுது" என்றார் அப்பா. 2004இல் அவர் காலமானார். அந்தப் பெட்டியின் குரலை அவர் மறுபடி கேட்கவில்லை.

வயது போனது பெட்டிக்கு அல்ல, உள்ளேயிருந்த ஒரு கொண்டென்சருக்கு மட்டும்தான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அதன் விலை அக்காலத்தில் ஒரு மதியச் சாப்பாட்டை விடக் குறைவு.

அந்த உறுமல்தான் எச்சரிக்கை. மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும் வால்வுக்கு அடுத்ததாக அலுமினியக் குவளை ஒன்று நிற்கும். அதற்குள் அலுமினியத் தாளும், ஈரமான உப்புக் கரைசலில் தோய்ந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இதனை எலெக்ட்ரோலிட்டிக் என்பார்கள். அலுமினியத்தின் மேல் மின்சாரம் தானே வளர்த்த மெல்லிய ஒட்சைட்டுப் படைதான் அதன் காப்பு. மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அந்தப் படை நலிந்துவிடும், கரைசலும் உலர்ந்துவிடும். பிறகு ஒருநாள் முழு அழுத்தத்தையும் திடீரென்று கொடுத்தால் அது மின்னைத் தேக்கி வைக்காது, நேரே கடத்தும். அந்தச் சுமை முழுவதும் வால்வின் மீதும் ட்ரான்ஸ்போமரின் மீதும் விழும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இரண்டாவது வகை, நண்பர் கேட்ட மெழுகுக் கொண்டென்சர். காகிதத்தையும் உலோகத் தாளையும் சேர்த்துச் சுருட்டி, மெழுகில் அல்லது தாரில் தோய்த்தெடுத்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சும். அதுவும் நமது நாட்டுக் காற்றில். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாமலே உள்ளே கசியத் தொடங்கும். இந்தக் கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் அதைப் பொறுக்க முடியாது. கடைசி வால்வுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கொண்டென்சர் அது. ஐம்பது அறுபதுகளின் ஐரோப்பியப் பெட்டிகளில் பரவலாகக் காணப்படும் ஈ.எல். 84 வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிறிட், கதோட்டை விட ஏழு வோல்ற் அளவு கீழே இருக்க வேண்டும். முந்திய வால்வில் நூறு வோல்ற் நிற்கிறது, கொண்டென்சர் பத்து மெகா ஓம் அளவுக்குக் கசிகிறது, கிறிட்டில் வழக்கமான 470 கிலோ ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஏழு வோல்றுக்கு எதிராக ஏறக்குறைய நாலரை வோல்ற் வந்து நிற்கும். வால்வு தன் அளவுக்கு மீறி மின்னை இழுக்கும். வால்வு சாகும்; சில வேளைகளில் ஒலி ட்ரான்ஸ்போமரையும் கொண்டுபோகும். பத்து மெகா ஓம் கசிவைச் சாதாரண மல்ரிமீற்றர் காட்டித்தராது. அது ஒன்பது வோல்ற் பற்றரியில் அளக்கிறது. கொண்டென்சரோ நூறு வோல்றில் வேலை செய்கிறது. கசிகிற கொண்டென்சரை மலிவான மீற்றரில் வைத்தால், எழுதியிருக்கும் பெறுமானத்தை விடக் கூடுதலாகக் காட்டி உங்களை மகிழ்விக்கவும் கூடும்.

ஆகவேதான் நண்பருக்கு அப்படிச் சொன்னேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் உட்சந்துகளிலும், சென்னை ரிச்சி தெருவிலும், சிங்கப்பூரின் சிம் லிம் டவரிலும் தேடினால் அறுபது வருடப் பழைய காகிதக் கொண்டென்சர், பெட்டி பிரிக்காமல், ஒருவேளை கிடைக்கலாம். இணையத்தில் நிச்சயம் கிடைக்கும். "பாவிக்காத பழைய இருப்பு" என்று கூடுதல் விலையும் கேட்பார்கள். பாவிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் காகிதத்துக்கு அது தெரியாது. பெட்டிக்குள் இருந்த கொண்டென்சருக்கு எத்தனை வயதோ, அலுமாரிக்குள் இருந்ததற்கும் அத்தனை வயது. செத்த ஒன்றைக் கழற்றிவிட்டு, சாகக் கிடக்கும் ஒன்றைக் காசு கொடுத்துப் பூட்டுவதை மரபு பேணுதல் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சேகரிப்பாளர்களுடன் எனக்குள்ள வழக்கும் இதுதான். உள்ளே ஒரு பாகமும் மாற்றப்படாத பெட்டிக்கே மதிப்பு என்று வாதிடுவார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதற்கென்றால் சரி. வானொலி பார்ப்பதற்கான பொருளல்ல. அப்பா வைத்திருந்தபடி என்றால், அப்பா வைத்திருந்தபோது அது பேசியது. அந்தக் காலத்திலும் வால்வு போனால் வால்வு மாற்றினார்கள், கொண்டென்சர் போனால் கொண்டென்சர் மாற்றினார்கள். எங்கள் பெட்டியின் அடிப்பகுதியை முதன்முதலாகத் திறந்தபோது, வேறு வேறு காலத்தில் வேறு வேறு கைகள் வைத்த ஈயப்பற்றுகளைக் கண்டேன். எந்தத் திருத்துநரும் தொடாத பெட்டி என்பது பெரும்பாலும் யாரும் கேட்காத பெட்டி.

இனி, எதை வாங்குவது என்ற விடயம். காகிதக் கொண்டென்சர்களுக்குப் பதிலாகப் பொலியெஸ்ரர் அல்லது பொலிபுரோப்பிலீன் படலத்தில் செய்தவை, 630 வோல்ற் தாங்குபவை. பழைய பெறுமானங்கள் இன்று அப்படியே கிடைக்காது: 0.05 மைக்ரோபரட்டுக்கு 0.047, 0.02க்கு 0.022 வாங்கலாம், ஒரு கேடும் வராது. பழைய வரைபடங்களில் எம் எப் டி என்று போட்டிருந்தால் அது மில்லி அல்ல, மைக்ரோ. இரண்டு மைக்ரோ அடுத்தடுத்து வந்தால் அது இன்றைய பிக்கோபரட். இந்த இரண்டிலும் தடுமாறி ஆயிரம் மடங்கு, பத்து இலட்சம் மடங்கு தவறியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

எலெக்ட்ரோலிட்டிக்கில் எட்டுக்குப் பத்து, பதினாறுக்கு இருபத்திரண்டு, முப்பத்திரண்டுக்கு முப்பத்து மூன்று, ஐம்பதுக்கு நாற்பத்தேழு. அழுத்தம் 450 வோல்ற், வெப்பம் 105 பாகை. கூடப் போட்டால் உறுமல் இன்னும் குறையும் என்று நினைத்து நூறு, இருநூறு போட வேண்டாம். ஈ.சட். 80 போன்ற வால்வுக்கு முதலாவது கொண்டென்சர் ஐம்பது மைக்ரோபரட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதை நிரப்பும் பாய்ச்சலை வால்வு தாங்காது. பழையவற்றுக்கு இரு முனையிலும் கம்பி இருந்தது, இன்று வருபவற்றுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கம்பி. கம்பியை நீட்டி உறை போட்டுக்கொள்ள வேண்டும். பழைய அலுமினியக் குவளையைக் கழற்ற வேண்டியதில்லை, அது தன் இடத்தில் அலங்காரமாக நிற்கட்டும். ஆனால் அதன் கம்பிகள் அனைத்தையும் வெட்டிவிட்டுப் புதியதை அடியில் பூட்ட வேண்டும். பழையதற்குக் குறுக்கே புதியதை ஒட்டிவிடுவது, திருத்துவதாகச் சொல்லிப் பணம் பெறுகிறவர்களின் குறுக்குவழி. இன்னொன்று: குவளையின் மறைமுனை எல்லாப் பெட்டிகளிலும் அடித்தகட்டோடு சேர்ந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் இடையே ஒரு தடை இருக்கும். முன்பு எங்கே போனதோ அங்கேயே போக வேண்டும்.

மின்வழியோடு தொடர்புபட்ட கொண்டென்சரும் சில பெட்டிகளில் உண்டு. அதற்குச் சாதாரண 630 வோல்ற் போதாது. இரு மின்கம்பிகளுக்கும் இடையில் என்றால் எக்ஸ் 2 வகை, மின்கம்பிக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் என்றால் வை 2 வகை என்று கேட்டு வாங்குங்கள். பழுதானாலும் ஆளைக் கொல்லாத விதமாகச் செய்யப்பட்டவை அவை. மைக்கா, செராமிக் கொண்டென்சர்கள் பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கும். கடுகு நிறத்தில் மலார்ட் செய்த பொலியெஸ்ரரும் அப்படித்தான். மாற்றும் உற்சாகத்தில் இவற்றையும் பிடுங்கி எறிந்தால் பெட்டியின் சுருதி கெடும்.

எங்கே கிடைக்கும் என்றால், நல்ல பெயருள்ள விநியோகத்தரிடம் வாங்குவதே உத்தமம். லண்டனில் இருப்பவருக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. இங்கே அப்படி இல்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு நானே பழைய சி.எப்.எல். விளக்குகளை உடைத்து 400 வோல்ற் கொண்டென்சர் எடுத்துப் பார்த்திருக்கிறேன். படலக் கொண்டென்சர்கள் அப்படி எடுத்தாலும் பரவாயில்லை. எலெக்ட்ரோலிட்டிக்கை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். விளக்கின் சூட்டில் ஏற்கனவே பாதி வெந்திருக்கும். புதியது என்று விற்கப்படுவதிலும் போலி உண்டு. பெரிய குவளைக்குள் சிறிய கொண்டென்சரை ஒளித்து, மேலே பெரிய எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் பாரம் சொல்லிவிடும். முதலாம் குறுக்குத் தெருவில் நான் வழக்கமாகப் போகும் கடையின் நானா இந்த விடயத்தில் நேர்மையானவர். "இது சரிவராது தம்பி, நீங்க றேடியோவுக்குத்தானே கேக்கிறீங்க" என்று இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இசைக்கென்றே வார்த்தெடுத்தது என்று சொல்லி, பத்து மடங்கு விலையில் வெளிநாட்டில் விற்கப்படும் கொண்டென்சர்களையும் நண்பர் கேட்டார். மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் ஒன்பது கிலோஹேட்ஸ்தான் இடைவெளி. அதற்குள் அடங்கும் ஒலியில் அந்தப் பொன்கொண்டென்சரின் பெருமையைக் கேட்கக்கூடிய காது எவருக்கும் கிடையாது. அந்தக் காசைப் புதிய மின்வடத்துக்கும் பியூசுக்கும் செலவிடலாம்.

எனக்கு இவற்றையெல்லாம் கற்றுத்தந்தவர் தெகிவளையில் ஒரு படிக்கட்டின் அடியில் கடை வைத்திருந்த பெரியவர். ஐயா என்றே அழைப்பேன், பேசுவது குறைவு. எங்கள் பெட்டியின் ட்ரான்ஸ்போமருக்கு அவரே சொல்லி வேறொருவரிடம் கம்பி சுற்றுவித்தார். புதிய கொண்டென்சர்களைப் பூட்டி முடித்த பின்னரும் நேரே சுவரில் செருக விடவில்லை. அறுபது வாற் இழைக்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் ஊடாகவே மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிவிடும். அன்று குமிழ் ஒருமுறை மின்னி, மங்கி, அடங்கியது. 2002இல் அந்த ஒரு குமிழ் என் வீட்டில் இருந்திருக்கலாம். ஐயாவின் கடை இப்போது இல்லை. இழைக்குமிழும் கடைகளில் அருகிவிட்டது. காணும்போது ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. முதுகில் உள்ள அழுத்தத் தெரிவியில் 110 அல்லது 127 என்ற இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இலங்கையிலிருந்து போன பெட்டி 220இல் நிற்கும். ட்ரான்ஸ்போமரே இல்லாத, யூ.எல். 84, யூ.வை. 85 போன்ற வால்வுகள் கொண்ட பெட்டியாக இருந்தால் அதன் அடித்தகடே மின்வழியோடு தொடர்பில் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பரிசோதனை செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியைக் கம்பியால் அதனுடன் இணைக்கவும் வேண்டாம். எந்தப் பெட்டியானாலும் செருகியைப் பிடுங்கிய பிறகும் கொண்டென்சருக்குள் முந்நூறு வோல்ற் வரை ஒளிந்திருக்கும். ஒரு தடையின் மூலம் அதை வடித்துவிட்டு, மீற்றரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பழையதை எறிந்துவிடச் சொல்கிறேன் என்று நண்பர் நினைத்துவிட்டார். அப்படியல்ல. மெழுகுக் குழாயை மெல்லச் சூடாக்கி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்து, அதே அட்டைக் குழாய்க்குள் புதிய கொண்டென்சரை வைத்து, அதே மெழுகை மேலே ஊற்றி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பொறுமை உள்ளவர்கள் அப்படிச் செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எங்கள் பெட்டியிலிருந்து கழற்றிய பதின்மூன்றையும் ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் இட்டு, எது எங்கே இருந்தது என்று தாளில் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். ட்ரான்ஸ்போமரை எரித்த அந்த ஒன்றும் அதற்குள் இருக்கிறது. பெட்டி இப்போது பாடுகிறது. இரவில் மத்திய அலையில் இந்திய நிலையங்கள் இரைச்சலுக்கு நடுவே வந்து சேர்கின்றன.

நேற்று நண்பர் தமது பெட்டியின் உட்புறப் படங்களை அனுப்பியிருந்தார். காகிதத்தில் பதினொன்று, எலெக்ட்ரோலிட்டிக்கில் ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்த ஒரு குவளை, தனியே இருபத்தைந்து ஒன்று, மின்வழியில் ஒன்று. பட்டியல் போட்டுப் பதில் எழுதிவிட்டேன். இன்னும் செருகவில்லை என்று சத்தியம் செய்கிறார்.